அஞ்சாவது பைப்பு, ஆறாவது பைப்பு

செப்டம்பர் 2, செவ்வாய்

இது மகள் ஆபீஸில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி. எட்டு மாதமாக, ஆடுகிற கிரைண்டருக்கு அண்டை கொடுத்துக் கிடந்தது. இன்று எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இன்று செய்ததை வெளியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று என் மனைவி பழனியம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ். ஐஸுக்குள் ஒரு வெள்ளை பாட்டிலில் தெளிவான தண்ணீர். மேலே டபிள்யூ ஏழு என்று எழுதியிருந்தது. மகள் பொறுப்பாகப் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்திருக்கிறாள், இப்போதெல்லாம் அதையும் ஐஸில் வைத்து விற்கிறார்கள் போல என்று நினைத்து, ஆறு மூடியையும் திறந்து ஊற்றிவிட்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதில் கொஞ்சம் பெருமை வேறு.

எட்டரை மணிக்குக் கோகிலவாணி வந்தாள்.

"அப்பா, ஏழாம் கிணறு எங்க?"

"கிணத்தை எங்க சாமி கொண்டாந்து வெச்சே?"

"வெளையாடாதீங்கப்பா. வெள்ளை பாட்டில். ஐஸ் பொட்டிக்குள்ள இருந்துச்சே."

இன்வெர்ட்டரைக் கை காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொரு வருசம் பூமியில ஓட்டை போட்ட மனுசன்," என்றாள் பழனியம்மா உள்ளேயிருந்து. "மூடியைக் கண்டா கை சும்மா இருக்குமா?"

அது பரிசோதனைக்குப் போக வேண்டிய தண்ணீராம். நாளைக்குத் திரும்பவும் போய் எடுக்க வேண்டும். ஆபீஸ் கார் கிடைக்காது. தண்டனையாக என் ஆம்னி வேனில் நானே கூட்டிப் போக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

கோகிலவாணி ஜியாலஜி படித்தவள். ஈரோட்டில் ஒரு ஆலோசனைக் கம்பெனியில் வேலை. தொழிற்சாலைக் கழிவு மண்ணுக்குள் இறங்கினால் எங்கே போகும், எத்தனை நாளில் போகும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். ஆறு மாதம் குஜராத்தில் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களோடு இருந்துவிட்டு வந்தாள். அங்கே உப்புத் தண்ணீரை ஒரு மைல் ஆழத்துக்கு இறக்குவார்களாம். இறக்குவதற்கு முன்னால் ஒரு வருடம் பாறையைப் படிப்பார்களாம். நான் பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கில் ஒரு தடவை வழுக்கியவன். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து, இடது காதை கம்ப்ரசர் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். நான் தண்ணீர் மேலே வருமா என்று பார்த்தேன். அவள் அழுக்கு கீழேயே கிடக்குமா என்று பார்க்கிறாள். சம்பளம் அவளுக்குத்தான் அதிகம்.

செப்டம்பர் 3, புதன்

ஊர் பேர் காரைமேடு. பவானி தாண்டி உள்ளே போக வேண்டும். ஏழாம் கிணறு ஒரு இட்லிக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்காரர் பாப்பாயி அக்கா, என் வயதுதான் இருக்கும். மகளைப் பார்த்ததும் சிரித்தார்.

"முந்தாநாள்தான அம்மணி மொண்டுட்டுப் போன? அதுக்குள்ள தீந்து போச்சா?"

"எங்கப்பா குடிச்சுட்டாருங்க்கா," என்றாள் இந்தக் கழுதை.

"அய்யய்யோ! ஆசுபத்திரிக்குப் போனீங்களா?" அக்கா உண்மையிலேயே பதறிவிட்டார். இன்வெர்ட்டர் விஷயத்தைச் சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்கப்புறம் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்த நான்கு பேரும் நான் வாயைத் துடைக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்கா கையைக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. "இந்தத் தண்ணியில மாவாட்டுனா இட்லி செம்பட்டை அடிக்குதுங்க. மாவுக்குக் கேன் தண்ணி வாங்கறேன். ஏனம் கழுவறது மட்டும் இதுல. கழுவறதுக்கே இந்தக் கதி. எங்கப்பன் வெட்டுன கெணறுங்க இது. எளநி மாதிரி இருக்கும்."

கோகிலவாணி கயிறு கட்டி பாட்டிலை இறக்கி, மோந்து பார்த்து, குறித்துக்கொண்டாள். வேலை செய்யும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நாக்கு நுனி லேசாக வெளியே வந்துவிடும். மூன்று வயதில் பலகையில் எழுதும்போது வந்த அதே நாக்கு.

அப்புறம் பக்கத்தில் இருக்கிற சாயப்பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு பழைய போர் இருக்கிறது, அதைப் பற்றித்தான் அவள் அறிக்கை எழுத வேண்டும். நீலக் கேட். உள்ளே மூன்று படி ஏறினால் ஆபீஸ், ஆபீஸுக்கு ரோட்டைப் பார்த்த சன்னல். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் மூன்று படி இல்லாத ஆபீஸ் எங்கே இருக்கிறது?

நான் வேனிலேயே இருந்துவிட்டேன். முழங்கால் வலி.

"காலைல இல்லீங்களே?" என்றாள்.

"இப்பத்தான் வந்துச்சு."

செப்டம்பர் 4, வியாழன்

பேட்டரி போய்விட்டது. "இதுல என்னத்தைண்ணா ஊத்துனீங்க?" என்று மெக்கானிக் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றேன். அவர் நம்பவில்லை.

செப்டம்பர் 6, சனி

மகளுக்கு லீவு. முன்வாசல் தகரக் கொட்டகையில் பாயை விரித்துக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதுதான் படிக்கிற இடம். கொட்டகையின் நான்கு தூணில் வலது முன்தூண் அவளுடையது. பச்சை பெயிண்ட் மேல் வருடா வருடம் அவள் உயரத்துக்குப் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. பதினாலாம் வயதோடு கோடு நின்றுபோயிற்று. அதற்கு மேல் வளரவில்லை என்று அவளுக்கு வருத்தம்.

டீ கொண்டு போய்க் கொடுத்தபோது தானாகச் சொன்னாள்.

"அந்த போர் இருக்குதில்லைங்கப்பா, அதுல பழைய முதலாளி பத்து வருசம் சாயத் தண்ணிய மோட்டார் வெச்சு உள்ள தள்ளியிருக்கறான். புது முதலாளி அதை ஒத்துக்கறாரு. ஆனா கேசிங் பைப்பு நூத்தியிருவது அடி, கெட்டிப் பாறையில உக்காந்திருக்குது, தள்ளுனதெல்லாம் எண்ணூறு அடிக்குக் கீழதான் கெடக்குதுங்கறாங்க. ஊருக் கெணறெல்லாம் தொண்ணூறு அடி. அதனால ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

இதை நான் விளக்கி எழுத வேண்டும். யார் படிக்கப் போகிறார்களோ தெரியாது, இருந்தாலும். போர் போடும்போது முதலில் மண், அடுத்து மக்கின பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மக்கின பாறையைத் துளைத்தால் தூள் பழுப்பு மாவாகப் பறக்கும். கெட்டிப் பாறையில் வெள்ளை மாவு. வெள்ளை வந்த பிறகு அந்தப் பாறைக்குள் உட்காரும்படி கேசிங் பைப்பை இறக்க வேண்டும். ஒரு பைப்பு இருபது அடி. சரியாக உட்கார்ந்துவிட்டால் மேலே இருப்பது கீழே போகாது, கீழே இருப்பது மேலே வராது. வெள்ளை மாவு வந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. சில இடத்தில் மக்கின பாறைக்கு நடுவில் ஒரு குண்டுக்கல் தனியாகக் கிடக்கும். இன்னும் ஒரு ராடு நீளத்துக்குத் துளைத்துப் பார்த்து, அப்போதும் வெள்ளை என்றால்தான் இறக்க வேண்டும். இதுதான் தொழில். மற்றதெல்லாம் டீசல்.

"கேமரா இறக்கிப் பாத்தா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிரும்," என்றாள். "மூடிய வெல்டிங் வெச்சு அடைச்சாச்சு, தொறக்க முடியாது, பில்லு இருக்குது பாத்துக்கங்கன்னு மேனேஜர் சொல்றாரு. பத்தொம்பதாம் தேதி நான் கையெழுத்துப் போடோணும். போட்டுட்டன்னா பாப்பாயி அக்கா கெணத்தை அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

பில்லைக் காட்டினாள். நாச்சிமுத்து போர்வெல்ஸ். கேசிங் ஆறு பைப்பு. தேதி 13-9-1997.

"உங்க முதலாளி வண்டிதானுங்களே? இது நீங்க போட்டதா?"

"நாச்சிமுத்து அண்ணனுக்கு மூணு வண்டி, அம்மணி. மூணு டிரில்லர். எதுன்னு கண்டோம்?"

"எங்கப்பா வண்டியா இருந்தா பைப்பு சரியாத்தான் உக்காந்திருக்கும்னு சுகுமாரன் சார்கிட்டச் சொல்லிட்டேன்." சுகுமாரன் அவள் மேலதிகாரி.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். இந்த வீட்டில் நான் டம்ளர் கழுவினால் அது செய்தி. பழனியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

வீட்டில் யாரும் இல்லாதபோது பரணில் ஏறினேன். முழங்கால் நன்றாகவே ஒத்துழைத்தது. பழைய போர் நோட்டுகள் பதினேழு. மற்ற பதினாறையும் எலி ஓரம் கடித்து வைத்திருக்கிறது. 97ஆம் வருட நோட்டை ஒரு எலிகூடத் தொடவில்லை. அதுகளுக்கும் ஒரு கௌரவம் இருக்கும் போல.

பார்த்தேன். திரும்ப வைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கோகிலவாணிக்கு இருபத்தெட்டு. பழனியம்மா பாயசம் வைத்தாள். வருடா வருடம் பாயசத்தோடு அவள் பிறந்த கதையும் வரும். ஏலக்காய் மாதிரி, அது இல்லாமல் பாயசம் இறங்காது.

"எங்கண்ணன் எஸ்டிடி பூத்துல நின்னுக்கிட்டு, உங்கப்பா எந்த ஊர்ல போர் போடறாருன்னு தேடித் தேடிப் போன் போட்டான். எங்கியோ புடிச்சுட்டான். எனக்கு வலி எடுத்தது காலைல. நீ பொறந்தது சாயங்காலம் நாலு மணி. அஞ்சு மணிக்கு லாரி ஆசுபத்திரி வாசல்லயே வந்து நிக்குது. இவரு குதிச்சு ஓடியாறாரு. தலை, மீசை, புருவம் எல்லாம் மாவு. நர்சம்மா உள்ள விடலையே! போய்க் குளிச்சுட்டு வாய்யா, கொழந்தைக்கு மண்ணு காட்டறதுக்கா வந்தேன்னுட்டா. கொழாயடியில சட்டையோட நின்னாரு."

"வெள்ளை வெளேர்னு பேய் மாதிரி இருந்திருப்பீங்களேப்பா," என்றாள் மகள்.

"வெள்ளை எங்க?" என்றாள் பழனியம்மா. "செம்பழுப்பு. ராகி மாவுல உருண்ட மாதிரி."

மகள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போனவள் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு குடித்தாள்.

பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அதற்காக அரை மணி நேரம் வசவு வாங்கினேன். பரவாயில்லை.

செப்டம்பர் 13, சனி

எழுத ஒன்றும் இல்லை. புடலங்காய் வாங்கினேன். முற்றல்.

செப்டம்பர் 15, திங்கள்

சாயங்காலம் சுகுமாரன் சார் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மகள் சப்பாத்தி தேய்த்தாள். எனக்கு ஒரு காதுதான் என்றாலும் நன்றாகக் கேட்டது.

"கோகிலா, ஆதாரம் இல்லாத சந்தேகத்தை நாம ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. பேப்பர்ல ஆறு பைப்புன்னு இருக்கு. நீ கையெழுத்துப் போடு. அடுத்த மாசம் மஸ்கட் சைட்டுக்கு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். ஆழ்கிணறு, கழிவு இறக்குறது, நீ படிச்ச வேலை."

போனை வைத்த பிறகு ஒரே சப்பாத்தியை ரொம்ப நேரம் தேய்த்தாள். அது இலங்கை மாதிரி ஆனது, பிறகு ஆஸ்திரேலியா மாதிரி ஆனது.

"மனசு ஒப்பலீங்கப்பா. ஏழாம் கெணத்துத் தண்ணியில இருக்கற சாயம் அந்தப் பட்டறைச் சாயம்தான். ஆனா எந்த வழியா வந்துச்சுன்னு காட்ட முடியல. ஆறு பைப்புன்னா வழியே இல்லை. போட்டுத்தான் ஆகோணும் போல."

நாச்சிமுத்து அண்ணன் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. பழியை அவர் மேல் போட்டால் அவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. இதை ஒரு சப்பாத்தி நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். அந்த மனிதர் என் கல்யாணத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களோடு வந்தவர். நான் என்ன எழுதிக் கொடுத்தேனோ அதைத்தான் அவர் பில்லில் போட்டார்.

செப்டம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தூணைத் தட்டினேன்.

"அம்மணி, இது என்ன?"

"தூணு."

"பெயிண்டைச் சொரண்டு."

"நேரமாச்சுங்கப்பா."

"சொரண்டு சாமி."

ஸ்டாண்ட் போட்டுவிட்டு, ஸ்கூட்டர் சாவியால் சுரண்டினாள். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம்.

"கேசிங் பைப்பு. உள்ள கான்கிரீட் போட்டிருக்கறீங்க. ரிக்குக்காரர் வீட்டுல பைப்பு இல்லாம பவுனா இருக்கும்?"

"இந்தத் தூணும் அந்தத் தூணும் அஞ்சாவது பைப்பு. பின்னாடி ரெண்டும் ஆறாவது பைப்பு. பாதி பாதியா அறுத்து நட்டேன்."

முதலில் புரியவில்லை. தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள்.

"காரைமேட்டுப் பைப்பா?"

"ஆமா."

"அப்ப உள்ள நாலுதான் இருக்குதா?"

"நாலுதான். எம்பது அடி. அங்க வெள்ளை மாவு வந்துச்சு. பைப்பை எறக்கிட்டு மேக்கொண்டு ஓட்டுனா, நாலே அடி. அதுக்குக் கீழ மறுபடியும் பழுப்பு."

"குண்டுக்கல்லு."

"குண்டுக்கல்லுதான். நாலையும் மேல இழுத்து, பெரிய டிரில் பிட்டுல இன்னும் நாப்பது அடி ஓட்டி, ஆறா எறக்கியிருக்கோணும். தெரியாம இல்லை. தெரிஞ்சேதான் உட்டேன். மீதி ஆழத்தைப் பசங்க ரெண்டு நாள்ல ஓட்டி முடிச்சாங்க."

"ஆறுன்னு எழுதியிருக்குதே?"

"ஆறு எறக்கியே ஆகோணும்னு பட்டறை சூபர்வைசர் சொல்லியிருந்தாரு. நாலுன்னு எழுதுனா திரும்பப் போடச் சொல்லுவாரு. ஆறுன்னு எழுதியாச்சு. எழுதுன பொறகு மீதி ரெண்டை மொதலாளி செட்டுக்கு எப்பிடிக் கொண்டுபோறது? இங்க கொண்டாந்துட்டேன்."

"ஏன்?"

"அதான் சொல்றனே, செட்டுல கணக்குக் கேப்பாங்கன்னு..."

"அதில்லை. நாலோட ஏன் நிறுத்துனீங்க?"

"அவசரம்."

"என்ன அவசரம்?"

"இந்தத் தொழில்ல அவசரம் இல்லாத நாளு எது?"

சாவியில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைத் துடைத்தாள். பிறகு, "அந்த வருசத்துப் போர் நோட்டு இருக்குதா?" என்றாள்.

"எலி தின்னுருச்சு."

தூணில் இருந்த தன் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். எட்டு வயசு, ஒன்பது வயசு, பத்து வயசு.

"இத்தனை வருசமா நான் இதுமேல சாஞ்சுக்கிட்டுத்தான் படிச்சனா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "வர்றேம்ப்பா" சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாளும் சொல்லாமல் போனதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

"உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன?" என்று பழனியம்மா கேட்டாள்.

"பாறை சம்பந்தமா ஒரு விஷயம்."

"அப்ப எனக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கக் கொடுத்தாள். இரண்டு கிலோ உரித்தேன். வீட்டில் ஊறுகாய் போடும் திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மகள் ஆறு மணிக்கு வந்து, கை கால் கழுவி, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, சட்னி."

நகர்த்தி வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்த முதல் அப்பா. சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் வேகமாகவே நகர்த்திவிட்டேன், பாதி கீழே கொட்டியது.

"நான் கையெழுத்துப் போடலீங்க. பைப்பு எறக்குன டிரில்லர் நாலுதான்னு சொல்றாரு, மூடியத் தொறந்து கேமரா எறக்கோணும்னு எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு காப்பி வெச்சுட்டேன்."

"சுகுமாரன் சார் என்ன சொன்னாரு?"

"உங்கப்பாவை மாட்டி உட்டுத்தான் ரிப்போர்ட் எழுதணுமா கோகிலான்னாரு. எங்கப்பா தானா மாட்டிக்கிட்டாரு சார்னேன்."

"மஸ்கட்டு?"

"வேற பையன் போறான்."

நான் கொட்டிய சட்னியை வழித்தேன்.

"அங்க இட்லி கெடைக்காதுப்பா," என்றாள். அது உண்மையில்லை. இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று மூடியைத் திறந்தார்கள். வாரியத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பட்டறை மேனேஜர், சுகுமாரன் சார், கேமராக்காரர், ஊர்க்காரர்கள், என் மகள், நான். முழங்கால் வலி சொல்லலாமா என்று யோசித்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தே, "வேன்ல உக்காந்தீங்கன்னா பாருங்க," என்றாள்.

கேஸ் வைத்து வெல்டிங்கை அறுத்தார்கள். நான் ஆபீஸ் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். போர் போட்ட அன்றைக்கு அந்த சன்னலுக்குள் ஒரு கறுப்பு போன் இருந்தது. சன்னலிலிருந்து சூபர்வைசர் தலையை நீட்டி, யாருய்யா இங்க அர்த்தநாரி, போன் வந்திருக்குது என்று கூப்பிட்டார். என் பேரை இது வரைக்கும் டைரியில் எழுதவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எழுதியாயிற்று.

கேமராவை இறக்கினார்கள். சின்ன டிவியில் பைப்பின் உள்பக்கம் தெரிந்தது. ஓரத்தில் அடிக்கணக்கு ஓடியது.

"இருவதுல ஜாயிண்டு வரும்," என்றேன். வந்தது. "நாப்பதுல." வந்தது. "அறுவது." எல்லோரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏதோ குறி சொல்கிறவன் மாதிரி ஆகிவிட்டது.

எண்பதில் சாம்பல் நிறம் நின்றது.

வழவழவென்று வெள்ளைக் கல் நான்கு அடி. அதற்குக் கீழே பழுப்புப் பாறை, விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, வெடிப்பிலிருந்து பீட்ரூட் அலசிய தண்ணீர் மாதிரி சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. அடைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. இன்னும் கசிகிறது. உள்ளே தள்ளியது நிரம்பி மேலே ஏறி, பைப்பு முடிகிற இடத்தில் ஊர்ப் பக்கம் புகுந்திருக்கிறது. யாரும் விளக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

மேனேஜர் மட்டும், "அடி ரெண்டு பைப்பும் நாளாவட்டத்துல கழண்டு உள்ள விழுந்திருக்கலாமில்லைங்களா?" என்றார்.

"விழுந்திருந்தா என்ற வீட்டு வாசல்ல எப்பிடிங்க தகரத்தைத் தாங்கிட்டு நிக்குது?" என்றேன்.

வாரியத்து அம்மாவே சிரித்துவிட்டார். ஊருக்கு நாளையிலிருந்து லாரித் தண்ணீர் விட வேண்டும், மற்றது விசாரணைக்குப் பிறகு என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். சுகுமாரன் சார் என்னிடம் வந்து கை கொடுத்தார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இட்லிக் கடைக்கு நான் மட்டும் போனேன். பாப்பாயி அக்கா கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த போர் போட்டது நானுங்க."

"கேள்விப்பட்டேன்." துடைத்துக்கொண்டே இருந்தார். "அவனுக ஊத்தாம இருந்திருந்தா உங்க நாலு பைப்பு என்ன பண்ணியிருக்கப் போவுது?"

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆனாலும் அந்த ரெண்டையும் எறக்கியிருக்கலாமுங்க," என்றார்.

"ஆமாங்க்கா."

"உக்காருங்க. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போங்க. கேன் தண்ணிதான்."

தின்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மகளுக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் மூடிக் கிடக்கிற பழைய பட்டறை போர்கள் எல்லாவற்றுக்கும் கேமரா இறக்கிப் பார்ப்பது. "முப்பத்தெட்டு இருக்குதுங்கப்பா. உங்களுது எத்தனை?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். மற்ற பத்தில் பைப்பு சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்தேன். "சத்தியம் வேண்டாம், வேன் எடுங்க போதும்," என்றாள்.

காலையில் அவளும் பழனியம்மாவும் அடுப்படியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். இடது காதுப் பக்கம்தான் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வாரியத்துக்கு என் வாக்குமூலம். பேர், வயது, தொழில் எல்லாம் அவளே எழுதியிருந்தாள். தன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். நாக்கு நுனி வெளியே வந்தது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்கப்பா. காலியா இருக்குது. நாலோட நிறுத்துன காரணம்."

"சோம்பேறித்தனம்னு எழுது."

"முப்பத்தொரு வருசம் ரிக்குல நின்ன மனுசன் சோம்பேறின்னு எழுதுனா வாரியம் நம்புமா?"

"உங்கம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுவா."

"போடறேன், எங்க போடோணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொஞ்சம் ஈரமாக இருந்த மாதிரி தெரிந்தது. கண்ணாடி போடாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"வேற எதுவும் இல்லையாங்கப்பா?"

"இல்லை சாமி."

எழுதினாள். என்ன எழுதினாள் என்று படிக்கவில்லை. கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் தூணில் தலையைச் சாய்த்து, பதினாலாம் வயதுக் கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்கூட்டரைத் துடைத்தேன். அது ஏற்கனவே துடைத்துத்தான் இருந்தது.

ரெண்டு பைப்பு பாக்கி இருக்கும்போதே நீ வந்துட்டே, சாமி.